பானெட் திறக்கும் வைபவம்

சித்தூரில் மாம்பழக் கூழ் காய்ச்சி, டப்பாவில் அடைத்து, அரபு நாடுகளுக்கு அனுப்பிப் பெரிய ஆளான சுரேஷ்பாபு, தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே ஒரு கார் வாங்கிக்கொண்டார். க்ரோன்வால்ட் என்று பெயர். ஐரோப்பாவில் ஏதோ பனிமலை அடிவாரத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, திருப்பதி ரேணிகுண்டா சாலையில் ஒரு கண்ணாடி மாளிகையில் ஆறு மாதம் நின்று, கடைசியில் சித்தூரில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்களுக்கு நடுவே வந்து மாட்டிக்கொண்ட வாகனம். போன ஜென்மத்தில் அது என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை.

அதை ஓட்டுகிறவர் சுந்தர்சிங். மூன்று தலைமுறையாக மிஷன் காம்பவுண்டு சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருகிற குடும்பம். இருபத்தாறு வருஷமாகச் சுரேஷ்பாபுவிடம் ஸ்டியரிங் பிடிக்கிறார். அம்பாசிடரில் ஆரம்பித்து ஐந்தாறு வண்டிகள் கை மாறிவிட்டன. ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. தான் செத்தால் கல்லறையில் அதை எழுத வேண்டும் என்று மனைவி மேரியிடம் சொல்லியும் வைத்திருக்கிறார்.

புது வண்டியில் சூப்பர்சார்ஜர் என்று ஒன்று இருக்கிறது என்றதும் மேரி அது என்ன என்று கேட்டார். "அடுப்புல ஊதாங்கோல் வெச்சு ஊதுனா தீ எகிறுதில்ல? அது மாதிரி எஞ்சினுக்கு ஒரு ஊதாங்கோல். பெல்ட்டு அத்தைச் சுத்தும், அது காத்தை உள்ள தள்ளிக்கினே இருக்கும்" என்றார் சுந்தர்சிங். "சித்தூர்ல யாருக்கு அவ்ளோ அவசரம்?" என்று கேட்டுவிட்டு மேரி பரீட்சைப் பேப்பர் திருத்தப் போய்விட்டார். அவர் மிஷன் பள்ளி டீச்சர். இந்தக் கேள்வியை க்ரோன்வால்ட் கம்பெனியில் யாராவது ஒருவர் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கம்பெனியில் அதற்கு நேர்மாறாக யோசித்தார்கள். போன அக்டோபரில் சுரேஷ்பாபுவுக்கு ஒரு போன் வந்தது. "உங்கள் காருக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் சக்தியை எழுப்ப விரும்புகிறீர்களா?" உறங்குகிற எதையும் எழுப்பி வேலை வாங்கிப் பழக்கப்பட்ட முதலாளி உடனே சரி என்றார். காரைத் திருப்பதிக்குக் கொண்டுபோய், ஊதாங்கோலைச் சுற்றுகிற சக்கரத்தை எடுத்துவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை மாட்டி, கம்ப்யூட்டர் மூளையையும் திருத்தி எழுதினார்கள். சக்கரம் சின்னதானால் ஊதாங்கோல் இன்னும் வேகமாகச் சுற்றும். ஐந்நூறு குதிரைச் சக்தி ஐந்நூற்று எண்பது ஆனது. அதுவரை சித்தூர் காந்தி ரோட்டில் ஒரு எருமைக்குப் பின்னால் ஐந்நூறு குதிரைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகு அதே எருமைக்குப் பின்னால் ஐந்நூற்று எண்பது குதிரைகள் ஊர்ந்தன.

காரைத் திருப்பித் தருவதற்கு 'சக்தி எழுச்சி விழா' என்று ஒரு விழா எடுத்தார்கள். கண்ணாடி மாளிகையின் அனுபவத் தலைவர் முரளிதரன் தானே முன்நின்று நடத்தினார். மேனேஜர் என்று அழைத்தால் அவருக்குக் கோபம் வரும். விசிட்டிங் கார்டிலேயே அனுபவத் தலைவர் என்றுதான் போட்டிருந்தது. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், திறந்த பானெட்டுக்குள் சந்தனம், குங்குமம், மஞ்சள் நூல் என்று தட்டிலிருந்த எதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. போட்டோ எடுத்தார்கள். பிறகு பானெட்டை மூடி, அதன் விளிம்பில் ஒரு வெள்ளி முத்திரையை ஒட்டினார்கள். அந்த முத்திரை கிழிந்தால் 'நீடித்த நம்பகத்தன்மைச் சான்று' செல்லாது. சான்று சுரேஷ்பாபுவின் ஆபீசில் வெங்கடாசலபதி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. ஊதுபத்தியும் இரண்டுக்கும் பொதுவாகத்தான் ஏற்றினார்.

முத்திரைக்குப் பிறகு, வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றக்கூடச் சுந்தர்சிங் எழுபது கிலோமீட்டர் திருப்பதிக்குப் போனார். அங்கே வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் முன்பக்கக் கம்பி வழியாக நீளமான குழாயை உள்ளே விட்டு, முத்திரை கெடாமல் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுவார். சுரேஷ்பாபுவுக்கு அதில் பெருமை. சுந்தர்சிங்குக்கு அவமானமாக இருந்தது.

ஜூன் மாதம், மாம்பழ சீசன் உச்சத்தில், பாகாலா தாண்டும்போது பானெட்டுக்குள்ளிருந்து 'கிச் கிச்' என்று ஒரு சத்தம் கேட்டது. மிதித்தால் இழுவை இல்லை. தீய்ந்த ரப்பர் வாசனை வேறு. இருபத்தாறு வருஷ அனுபவம் சுந்தர்சிங்கிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது: பெல்ட்டு. பானெட்டைத் தூக்கினால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தூக்கத்தான் முடியாது. நேராகத் திருப்பதிக்கு விட்டார்.

கண்ணாடி மாளிகையில் ஹரிப்ரியா என்ற பெண் கையில் டேப்லெட்டோடு வரவேற்றாள். "வணக்கம் சார். இன்னிக்கு உங்க கார் எப்படி ஃபீல் பண்ணுது?"

சுந்தர்சிங் திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரும் இல்லை. "கிச்சு கிச்சுனு கத்திக்கினு கீதும்மா. ரிப்பேரு."

ஹரிப்ரியா பதறிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "சார், அந்த வார்த்தையை இங்க சொல்லக்கூடாது. க்ரோன்வால்ட் ரிப்பேர் ஆகாது. கத்துதுன்னும் எழுத முடியாது, லிஸ்ட்ல இல்ல." டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். காரின் மனநிலைகள் என்று பதினோரு கட்டங்கள் இருந்தன. உற்சாகத்தில் ஆரம்பித்துப் பரவசம் வரை போயின. இருப்பதிலேயே மோசமானது 'சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறது'. வேறு வழியில்லாமல் சுந்தர்சிங் அதில் விரலை வைத்தார்.

காரின் கம்ப்யூட்டரில் ஒரு வயரைச் செருகிப் பார்த்தார்கள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. கோளாறு எதுவும் பதிவாகவில்லை. பதிவாகாவிட்டால் பானெட்டைத் திறக்க அனுமதி இல்லை. கார் அங்கேயே நின்று எல்லோர் காதும் கிழியக் கிச் கிச் என்றது. திரை பச்சையாகவே இருந்தது.

டிரைவர்களை உள்ளே உட்கார விடுவதில்லை. பின்பக்கம் ஜெனரேட்டருக்கு அருகில் ஒரு பெஞ்சுக்குச் 'சாரதி சங்கமம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். அங்கே டீ குடிக்க வந்த மெக்கானிக் மோகன்ராஜ் தினமும் திருத்தணியிலிருந்து ரயிலில் வந்துபோகிறவன். அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணே, பெல்ட்டுதான். எனக்கே கேக்குது. ஆனா என் காதுக்கு கம்பெனியில அப்ரூவல் இல்ல."

சத்தத்தை நேரில் ஆராய அனுபவத் தலைவரே இறங்கி வந்தார். விதிப்படி மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டரில் கார் போகும்போதுதான் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். நாயுடுபேட்டை சாலைக்குப் போனார்கள். முன்னால் வைக்கோல் லாரி, அதற்கு முன்னால் ஒரு கல்யாண பஸ். ஐம்பத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை. வழி நெடுகச் சத்தம் கேட்டது. முரளிதரன் கை நீட்டி, இருபத்திரண்டு ஸ்பீக்கரிலும் பாட்டு முழங்க விட்டார்.

"எதுக்கு சார் பாட்டு?" என்று கத்திக் கேட்டார் சுந்தர்சிங்.

"ஆராய்ச்சி நடக்கும்போது தேவையில்லாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது!" என்று முரளிதரனும் கத்தினார். திரும்பி வந்து இறங்கியதும் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "நான் எதையும் கேட்கவில்லை. ஒருவேளை ஏதாவது இருந்தாலும் அதைச் சத்தம் என்று சொல்லக் கூடாது. அது இந்தக் காரின் பாரம்பரியக் குரல். சாதாரணக் கார்களுக்குக் குரல் கிடையாது. அவை வெறுமனே ஓடும்."

நான்கு நாளில் பதினான்கு பக்க அறிக்கை சித்தூருக்கு வந்தது. சுரேஷ்பாபு அதைக் கூழ் ஆலை வாசலில், வரிசையாக நின்ற டிராக்டர்களுக்கு நடுவே நின்று படித்தார். படித்துவிட்டுச் சுந்தர்சிங்கைக் கூப்பிட்டார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. சுந்தர்சிங்கிடம் பேசுவது இரண்டும் கலந்தது.

"ஏமய்யா சுந்தரு, வண்டிக்கு மனச்சோர்வாம்."

"இன்னா சார்?"

"இந்தா, ராசிருக்காங்க பாரு. 'எட்டு மாதங்களில் இந்த வாகனத்தின் சராசரி வேகம் மணிக்கு முப்பத்தொரு கிலோமீட்டர். இது போன்ற ஓட்டுநரின் அடக்குமுறையால் வாகனம் தன்னம்பிக்கை இழந்துள்ளது.' நீ அடக்கி அடக்கி ஓட்டினதுல அது மனசு ஒடைஞ்சிடுச்சாம்."

"சார், சித்தூர்ல இத்தைவிட வேகமா ஓட்டுனா நான் ஜெயில்ல இருப்பேன்."

"தெரியும்யா." சுரேஷ்பாபு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சனிக்கிழமைக்குள்ள டிரைவரை மாத்தலேன்னா சர்டிபிகேட் ரத்துன்னு போட்டிருக்கான். அவங்களே பெங்களூர்ல இருந்து ஒரு ஆளை அனுப்புறாங்களாம். சர்டிபிகேட் போச்சுன்னா அது வெறும் இரும்பு, அர்த்தமாயிந்தா? நான் இன்னா பண்றது, சொல்லு."

இருபத்தாறு வருஷம் ஒழுங்காக ஓட்டினார் என்பதுதான் சுந்தர்சிங் மேல் வந்த குற்றச்சாட்டு. வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வண்டியைக் கெடுத்த டிரைவர் என்று ஊர் பேசப்போவதைத் தாங்க முடியாது. ஐம்பத்து மூன்று வயதில், ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதர் ஒரு காரின் மனதை உடைத்துவிட்டார்.

வீட்டில் மேரி அறிக்கையை முதலில் சிவப்புப் பேனாவோடுதான் படித்தார். எட்டுப் பிழை வட்டமிட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "கேசியா நைனா, கார் மனசு ஒடைஞ்சதுக்கு பதினாலு பக்கம் எழுதிக்கீறானே, இத்தினி வருசத்துல என் மனசு ஒடைஞ்சதுக்கு எவன் எழுதினான்?" என்று கேட்டார். கேசியா அவர்கள் மகள். கல்யாணமாகி வேலூரில் இருக்கிறாள். அவள் பிறந்த நாளிலிருந்து சுந்தர்சிங்குக்கு வீட்டில் கேசியாவின் அப்பா என்பதுதான் பெயர்.

"பானெட்டை மட்டும் ஒரு தபா தொறந்துட்டா போதும் மேரி. இன்னான்னு காட்டிடுவேன்."

"வண்டியோட குடுத்தானே புஸ்தகம், அத்தைக் கொண்டா."

வாரண்டி புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை முழுதாகப் படித்த முதல் மனிதப் பிறவி மேரியாகத்தான் இருக்க வேண்டும். எழுதியவர்களே படித்திருக்க மாட்டார்கள். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. பானெட் திறக்கும் சந்தர்ப்பங்கள்: கம்ப்யூட்டர் கோளாறு காட்டினால், வெளிநாட்டுத் தலைமையகம் கைப்பட எழுதி அனுமதித்தால், பிராந்தியப் பண்பாட்டு வைபவம் என்றால். மூன்றாவதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

"அப்படின்னா?" என்றார் சுந்தர்சிங்.

"பூஜைய்யா" என்றார் மேரி.

சுந்தர்சிங் சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்தார். "ஆண்டவருக்குத் தெரியும், நீ பெல்ட்டுக்காகத்தான் போறேன்னு" என்று மேரியே முடித்துவைத்தார்.

மறுநாள் சுந்தர்சிங் பூஜை என்று சொன்னதும் ஹரிப்ரியா முகம் மலர்ந்துவிட்டது. டேப்லெட்டைத் தட்டினாள். எட்டு மாதமாக எதற்கும் அசையாத அந்த மென்பொருள் ஒரே நொடியில் மணியடித்துச் சம்மதித்தது. "வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு ஸ்லாட் இருக்கு சார். ராகு காலத்துக்கு முன்னாடியே முடிச்சிடலாம். சாதாரணமா, ப்ளாட்டினமா?"

"எதுல பானெட் தொறப்பீங்கோ?"

"ரெண்டுலயும்."

"அப்போ சாதாரணமே போதும்மா."

வெள்ளிக்கிழமை சுரேஷ்பாபுவும் வந்திருந்தார். விலக்கப்போகிற டிரைவர் போகும்போது வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டுப் போகிறானே என்று அவருக்குக் கண் கலங்கியிருந்தது. முரளிதரன் கோட்டுக்கும் டைக்கும் கீழே பட்டு வேட்டி கட்டியிருந்தார். நாதஸ்வரம் இருபத்திரண்டு ஸ்பீக்கரில் முழங்கியது. ஒரு பெண் வெல்வெட் தலையணையில் வெள்ளிக் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். அனுபவத் தலைவர் முத்திரையை வெட்ட, எல்லோரும் கை தட்ட, பானெட் மெல்ல உயர்ந்தது.

உள்ளே எங்கும் பெல்ட் தேய்ந்த கறுப்புத் தூள் படிந்திருந்தது. பெல்ட்டின் ஓரம் நார் நாராகப் பிய்ந்து தொங்கியது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சின்னச் சக்கரத்தின் கழுத்தில் மஞ்சள் நூல் ஒன்று சுற்றிச் சுற்றி இறுகி, சக்கரத்தையே ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்திருந்தது. நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"நூலு சிக்கிக்கினு கீது!" மோகன்ராஜ் தன்னை மறந்து கத்திவிட்டான். "பேரிங்கு போயிருச்சு, பெல்ட்டு போயிருச்சு. ரிப்பேரு! சார், இது ரிப்பேரு!"

அந்த வார்த்தை கண்ணாடிச் சுவர்களில் பட்டு எதிரொலித்தது. ஹரிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

முரளிதரன் ஒரு கையில் தேங்காயும் மறு கையில் கற்பூரத் தட்டுமாக நிமிர்ந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. "இது வெளிப்பொருள்! உலகத்தரமான எஞ்சினுக்குள் நூல்! இதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அறுபது பொறியாளர்கள் பன்னிரண்டு வருஷம் உழைத்து ஓர் இயந்திரத்தைச் செய்வார்கள். இங்கே யாரோ ஒரு படிக்காதவன் மூடநம்பிக்கையில் அதன் மேல் ஒரு கயிற்றைக் கட்டிவிடுவான். இயங்குகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் நூல் கட்டலாமா? அறிவுள்ள எவனாவது செய்வானா? சுரேஷ்பாபு சார், இதைச் செய்தவன் டிரைவராக இருக்கத் தகுதியே இல்லாதவன். அறிக்கையில் நான் எழுதியது சரிதானா என்று இப்போது நீங்களே பாருங்கள்." பேச்சின் வேகத்தில் தேங்காயிலிருந்து ஒரு பூ கீழே விழுந்தது.

எல்லோரும் சுந்தர்சிங்கைப் பார்த்தார்கள். சுரேஷ்பாபுவும் பார்த்தார். அந்தப் பார்வைதான் சுந்தர்சிங்குக்கு வலித்தது.

"சார், நான் சர்ச்சுக்குப் போறவன்" என்றார். "எங்க ஊட்ல கயிறு கட்ற வழக்கமே இல்ல. இந்த எட்டு மாசத்துல நான் பானெட்டைத் தொறந்ததும் இல்ல. முத்திரையை இப்போ நீங்கதான வெட்டுனீங்கோ?"

"அப்படியானால் யார் கட்டியது?"

சுந்தர்சிங் எதிர்ச் சுவரைக் கை காட்டினார். அங்கே எட்டடி உயரத்துக்குச் சக்தி எழுச்சி விழாப் போட்டோ மாட்டியிருந்தது. அதே கார். திறந்த பானெட்டுக்குள் முரளிதரன் இடுப்பு வரை குனிந்திருக்கிறார். மஞ்சள் நூலின் ஒரு முனை பல்லில், மறு முனை கையில். அந்தச் சின்னச் சக்கரத்துக்கு அரை அங்குலம் தள்ளி முடிச்சுப் போட்டுக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். கீழே பொன்னெழுத்தில் 'உலகத் தொழில்நுட்பம், உள்ளூர் இதயம்' என்று எழுதியிருந்தது.

தினமும் அந்தப் படத்துக்குக் கீழேதான் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அனுபவத் தலைவர் அரை நிமிஷம் பேசவில்லை. அவர் உத்தியோகத்தில் அது பெரிய இடைவெளி. பிறகு தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, இது ஒரு மகிழ்ச்சியான தருணம். பெல்ட் தாங்கவில்லை. பேரிங் தாங்கவில்லை. சக்கரமும் தாங்கவில்லை. ஆனால் பதினோராயிரம் கிலோமீட்டர், கொதிக்கிற எஞ்சின், சித்தூர் வெயில், இத்தனைக்கும் பிறகு எங்கள் நூல் அறுபடவில்லை! நீடித்த நம்பகத்தன்மை என்றால் இதுதான். இந்த நூலைத் தலைமையகத்துக்கு அனுப்பிவைப்போம்."

நாலு பேர் கை தட்டக்கூடச் செய்தார்கள்.

"மரி டிரைவர் சங்கதி என்ன?" என்றார் சுரேஷ்பாபு. கோபத்தில் தமிழும் தெலுங்கும் ஒன்றாக வந்தன. "என் சுந்தரு மேல எழுதினீங்களே, அந்த பேஜி?"

"அது அச்சுப்பிழை" என்றார் முரளிதரன்.

சுரேஷ்பாபு சுந்தர்சிங்கின் பக்கத்தில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தோளில் கை வைத்து, "டிபன் துன்னியா?" என்று கேட்டார். சுந்தர்சிங்குக்கு அது போதும்.

மோகன்ராஜ் நாற்பது நிமிஷத்தில் நூலை அறுத்து, பெல்ட்டும் சக்கரமும் மாற்றிவிட்டான். எஞ்சினைப் போட்டுப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. எட்டு மாதத்தில் அந்தக் கட்டடத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதற்கு மட்டும் யாரும் கை தட்டவில்லை.

பானெட்டை மூடப் போனவனை ஹரிப்ரியா தடுத்தாள். "இருங்கண்ணா. வைபவம்னு திறந்துட்டோம், வைபவமாத்தான் மூடணும். நூல் கட்டின போட்டோ ஏத்தலேன்னா சிஸ்டம் வண்டியை வெளிய விடாது."

முரளிதரன் ஏற்கெனவே புது மஞ்சள் நூலைப் பல்லில் கடித்தபடி எஞ்சினை நோக்கி நடந்துகொண்டிருந்தார். எவரும் அவரைத் தடுப்பதாகத் தெரியவில்லை. இன்னும் எட்டு மாதம் கழித்து இன்னொரு கிச் கிச், இன்னொரு பதினான்கு பக்கம், இன்னொரு சனிக்கிழமை வருவது சுந்தர்சிங்கின் கண்ணுக்கு முன்னால் தெளிவாகத் தெரிந்தது. குறுக்கே போய் நின்றார். சட்டைக் கையை மடக்கினார்.

"அத்தை உட்டுடுங்க சார். இங்க கட்டுங்க."

முரளிதரன் நூலை வாயிலிருந்து எடுக்காமலே ஹரிப்ரியாவைப் பார்த்தார். அவள் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "போட்டோல நூல் தெரிஞ்சா போதும் சார். எங்க கட்டணும்னு சிஸ்டம் கேக்கல" என்றாள். அனுபவத் தலைவர் சுந்தர்சிங்கின் மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். மோகன்ராஜ் அந்தச் சந்தடியில் பானெட்டைப் பட்டென்று மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும்போது மேரி அதைப் பார்த்துவிட்டார். மஞ்சள் நூல், அதன் முடிச்சின் மேல் பளபளவென்று ஒரு வெள்ளி முத்திரை. எதிரே பாஸ்டர் நின்றிருந்தார். மேரி கணவரின் சட்டைக் கையை இழுத்துவிட்டுப் பட்டனைப் போட்டார்.

"கேசியா நைனா, இன்னா இது?" என்று காதோரம் கேட்டார்.

"வாரண்டி."

"எத்தினி நாளைக்கு?"

"ரெண்டு வருசம். முத்திரை கிழிஞ்சா சான்று போயிடும்."

மேரி ஒரு சரணம் பாடி முடித்தார். பிறகு மறுபடியும் குனிந்தார். "அந்தக் கையை நனைக்கணும்னா?"

"திருப்பதிக்குத்தான் போவணும்" என்றார் சுந்தர்சிங்.